வெளிமானின் வெளி

குஜராத்தில், பாவ்நகர் பக்கம் இருக்கிறது வேலாவதர் தேசியப் பூங்கா. சுமார் 34 சதுர கிலோமீட்டர் புல்வெளி. புலி தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் வெளிமானுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது அங்கேதான் விளங்கும். முதிர்ந்த கிடாவுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிவிட்ட கயிறு மாதிரி. மிரண்டால் மந்தையே நாலு காலையும் சேர்த்துத் துள்ளும்.

மழைக்காலத்தில் வரகுக்கோழிச் சேவல் புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதிக்கும். பெட்டையின் கண்ணில் பட வேறு வழி? குளிர்காலத்து அந்தியில் பூனைப்பருந்துகள் நூற்றுக்கணக்கில் இறங்கி, மரம் தேடாமல் தரைப்புல்லிலேயே உறங்கும். இப்படிப்பட்ட நிலத்தையும் தரிசு என்று கணக்கெழுதுகிறவர்களை என்ன சொல்ல! சீமைக்கருவேலம் இங்கேயும் வில்லன்தான்; அதன் காயைத் தின்று விதையைப் பரப்புவதில் மானுக்கும் பங்குண்டு.

டிசம்பரில் போங்கள். அந்தி சாயும்வரை காத்திருங்கள்.