ஏழு வயதில் எழுதி முடிந்ததா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?", "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்னும் பழமொழிகளை வகுப்பில் சொல்லாத ஆசிரியர் அரியர். முதல் சில ஆண்டுகளிலேயே ஒருவரின் வாழ்க்கை முடிவாகிவிடுகிறது என்பது இவற்றின் கருத்து. இங்கிலாந்திலும் இதே பொருளுடைய முதுமொழி உண்டு. ஏழு வயதுக் குழந்தையைக் காட்டினால், பின்னாளில் வரப்போகும் மனிதரைச் சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். அதைத் திரையில் மெய்ப்பிக்கப் புறப்பட்ட ஆவணப்படத் தொடர் ஒன்றை அண்மையில் முழுமையாகப் பார்த்தேன். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், அதை ஒரு சோதனையாக எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

தொடரின் வரலாறு

1964ஆம் ஆண்டு கிரனடா தொலைக்காட்சி நிறுவனம் ஏழு வயதுச் சிறுவர் சிறுமியர் 14 பேரைப் படமெடுத்து, 'செவன் அப்' என்ற பெயரில் ஒளிபரப்பியது. சிலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் லண்டன் கிழக்குப் பகுதித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இருவர் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள். முதற்படத்தை இயக்கியவர் பால் ஆல்மண்ட். குழந்தைகளைத் தேர்ந்தெடுக்க உதவிய இளைஞர் மைக்கேல் ஆப்டெட், பின்னர் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களையே தேடிச் சென்று படமெடுத்தார். 2019இல் வந்த '63 அப்' ஒன்பதாவது படம். 2021இல் ஆப்டெட் காலமானார்.

ஒரே முகம் ஏழிலும் இருபத்தொன்றிலும் ஐம்பத்தாறிலும் அடுத்தடுத்துத் தோன்றும்போது நெஞ்சு நெகிழ்கிறது. காலம் செய்யும் வேலையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் வேறொன்று எனக்குத் தெரியாது. ஆனால் நெகிழ்ச்சி வேறு, நிரூபணம் வேறு.

எறிந்த பந்தின் பாதை

எறியப்பட்ட பந்தின் பாதையைக் கணிக்க நமக்குத் தேவையானவை யாவை? தொடக்க இடமும் தொடக்கத் திசைவேகமும் மட்டும் போதுமா? போதா. வழியில் அதன்மேல் செயற்படும் விசைகளையும் அறிய வேண்டும். காற்று குறுக்கே வீசினால் பந்து வேறிடத்தில் விழும்.

செல்வச் சிறுவருள் ஒருவரான ஜான், தாம் எந்தப் பள்ளியில், எந்தப் பல்கலைக்கழகத்தில் பயிலப் போகிறார் என்பதை ஏழு வயதிலேயே அடுக்கிச் சொல்கிறார். அவ்வாறே ஆக்ஸ்ஃபர்டு சென்று வழக்கறிஞரும் ஆகிறார். "பார்த்தீர்களா, எல்லாம் முன்பே முடிவானது!" என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் ஜான் பின்னாளில் இதை மறுத்தார். அவருடைய ஒன்பதாம் வயதில் தந்தை இறந்துவிட்டார். பள்ளிச் செலவுக்காகத் தாய் வேலைக்குச் சென்றார். ஆக்ஸ்ஃபர்டில் அவர் படித்தது உதவித்தொகையால். தந்தையின் மரணம் நேர்ந்தது ஏழுக்கும் பதினான்குக்கும் இடையில். மினுக்கொளியில் எடுத்த படங்கள் இரண்டுக்கு இடையே பந்து சுவரில் மோதியதை அறியாமல், இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தது போன்றதே இது.

கணிப்பு தவறிய இடங்களும் உண்டு. நிக் என்ற சிறுவன் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் உழவர் மகன். சின்னஞ்சிறு ஊர்ப் பள்ளியில் படித்தவன். சந்திரனைப் பற்றியெல்லாம் அறிய வேண்டும் என்றான். அவன் ஆக்ஸ்ஃபர்டில் இயற்பியல் பயின்று, அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரானான். மலைப்பகுதிக் கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு இது தனி மகிழ்ச்சி. நீல் என்பவரோ குறும்பும் கலகலப்புமாக ஏழு வயதில் துள்ளித் திரிந்தவர். 28 வயதில் வீடின்றி ஸ்காட்லாந்தில் அலைந்தார். 42 வயதில் லண்டனில் உள்ளாட்சி மன்ற உறுப்பினராக இருந்தார். இந்த வளைகோட்டை ஏழு வயதில் யார் வரைந்திருக்க முடியும்?

அளப்பவரின் பிழை

அளவுகோலிலும் குறை உண்டு. பதினால்வரில் சிறுமியர் நால்வரே. பெண்களின் வாழ்வு எவ்வளவு மாறப்போகிறது என்பதை முன்னுணரவில்லை என்று ஆப்டெட் பின்னர் ஒப்புக்கொண்டார். 'தங்களிடம் திருமணம், குடும்பம் என்றே கேட்கிறீர்கள்' என்று அந்தப் பெண்களுள் ஒருவரான ஜாக்கி படத்திலேயே அவரைக் கடிந்துகொண்டார். டோனி என்ற இளைஞர் சிறைக்குத்தான் போவார் என்று எண்ணி, 21ஆம் வயதுப் படத்தில் குற்றங்களுக்குப் பேர்போன தெருக்களில் அவரை வண்டியோட்டச் செய்து படமெடுத்தார் ஆப்டெட். டோனியோ வாடகைக் கார் ஓட்டுநராகிக் குடும்பத்தைப் பேணினார். தம் பிழையை இயக்குநரே சொன்னது பாராட்டத்தக்கது. விடாமல் தொடர்ந்ததால்தான் அந்தப் பிழை வெளிப்பட்டது. 21 வயதோடு நிறுத்தியிருந்தால் தவறான முடிவே உண்மையாக நிலைத்திருக்கும்.

அதே ஆண்டு, இன்னொரு மலையில்

முதற்படம் வந்த 1964இல், அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என முடிவாயிற்று. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அது 'டான்டீ' எனப்படுகிறது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அவர்கள் குடியேறினர்.

அவர்களுள் 1964இல் ஏழு வயதாயிருந்த ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவளை அன்று எவரேனும் படமெடுத்திருந்தால், அவளுடைய குணம், அறிவு, ஆசை எல்லாம் அதில் பதிந்திருக்கும். அவள் கடல் கடந்து வேறொரு மலையில் கொழுந்து பறிக்கப் போவது மட்டும் பதிந்திராது. ஏனெனில் அந்த விசை அவளுக்குள் இல்லை. இரு தலைநகரங்களில் இருந்தது. முகத்தை அருகில் காட்டும் படத்துக்குத் தொலைவிலிருந்து தள்ளும் கை தெரிவதில்லை. இத்தொடரின் பெருங்குறை இதுவே என்பேன்.

எண்ணிக்கை தரும் பாடம்

பதினான்கு பேரைக் கொண்டு பொது விதி சொல்ல இயலாது. நம் நாட்டிலும் பிறப்பு முதல் மக்களைப் பின்தொடரும் ஆய்வுகள் உண்டு. வேலூரில் 1969 முதல் 1973 வரை பிறந்த 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பதிவு செய்யப்பட்டு, அவர்களுள் பலர் பெரியவர்களான பின்னும் பரிசோதிக்கப்பட்டனர். தில்லியில் நடந்த இதுபோன்ற ஆய்வின் முடிவுகள் 2004இல் வெளியாயின. 26 முதல் 32 வயதான 1,492 பேரைச் சோதித்ததில், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பின்னர் உயரத்துக்கு மிஞ்சி விரைவாக எடை கூடிக்கொண்டே வந்தவர்களிடம் நீரிழிவு நோயும் அதன் முன்நிலையும் மிகுதியாகக் காணப்பட்டன. எனவே ஒரு வயதில் எடுத்த ஓர் அளவு மட்டும் போதாது. அளவுகளுக்கு இடையே அமைந்த பாதையையும் பார்க்க வேண்டும் என்பதே அந்த ஆய்வின் பாடம்.

இனி என் சொந்தப் பிழை. கூடலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மாணவர் ஒருவரின் முதற்பருவ விடைத்தாளைப் பார்த்ததும், "இவர் தேறமாட்டார்" என்று மனத்தில் எழுதிவிட்டேன். அந்தப் பருவம் முழுவதும் அவர் நோயுற்ற தாய்க்கு மருத்துவமனையில் துணையிருந்தார் என்பது மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் இன்று பட்டதாரி.

மாணவர்கள் இத்தொடரைக் கிடைத்தால் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே, திரையில் வராத அந்த ஏழு ஆண்டுகளில் என்ன நடந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.