எம்ஜிஏ டிக்கியில் என்ன வைக்கலாம்?

எம்ஜிஏ காரின் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிதான் இருக்கிறது. அதுவும் முழுசாக உள்ளே அடங்காமல், ஒரு பகுதி சீட்டுகளுக்குப் பின்னால் வரை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. ஜாக்கியையும், ஸ்போக் வீலின் நடு நட்டைத் தட்டிக் கழற்றுகிற செம்புச் சுத்தியலையும் வைத்த பிறகு மிஞ்சுவது பள்ளிக்கூடப் பை அளவு இடம். 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் தயாரான கார் இது. ரெண்டே சீட்டு. இதை வைத்திருக்கும் எவரும் வழியில் நிற்காமல் வந்ததாகச் சொன்னால் நான் நம்புவதில்லை. ஆகவே அந்தப் பள்ளிக்கூடப் பை இடத்தில் எதை வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

சோதித்தது ரெண்டு. ஒன்று, பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்களுக்கென்றே வெளிநாட்டில் விற்கிற ரெடிமேட் பெட்டி: பாயின்ட் செட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட், பல்பு, ஃப்யூஸ். மற்றொன்று, காரின் சொந்தக்காரரான நண்பர் கோவையிலேயே கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்த ஒரு கேன்வாஸ் பை. ரெண்டையும் தூக்கிப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் ஏறினோம். கல்லாறு தாண்டியதும் தொடங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள் எந்தப் பழைய இன்ஜினுக்கும் பரீட்சைதான்.

பெட்டி அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் தனி உறை, தனி லேபிள். ஆனால் அதைத் தொகுத்தவர் கோவையை மனதில் வைத்துத் தொகுக்கவில்லை. ஹெட் கேஸ்கட் ஒன்று போதும் சொல்வதற்கு. ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிலிண்டர் ஹெட்டை யார் கழற்றப் போகிறார்கள்? அரை நாள் வேலை. அந்த நிலைமை வந்தால் வண்டியை டோ செய்துதான் ஆகவேண்டும். டோ செய்து எங்கே கொண்டு போனாலும் அங்கே அம்பாசடர் பார்த்த மெக்கானிக் ஒருவராவது இருப்பார்.

அம்பாசடர் இங்கே எப்படி வந்தது என்றால், ரெண்டுக்கும் இன்ஜின் ஒரே குடும்பம். ஆரம்பகால எம்ஜிஏ-வில் இருப்பது 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின், போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. நம்மூர் ஸ்டாண்டில் டாக்சியாக நின்ற பெட்ரோல் அம்பாசடரின் இன்ஜினும் அதே 1489 சிசி பி-சீரிஸ்தான். எம்ஜிஏ-வில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போட்டு முறுக்கேற்றியிருப்பார்கள். 1959-க்குப் பிறகு வந்த 1588, 1622 சிசி எம்ஜிஏ-க்களுக்கு இந்தச் சலுகை முழுசாகச் செல்லாது. அவர்கள் அளந்து பார்த்து வாங்க வேண்டும். 1489 சிசிக்காரர்களும் பழையதைக் கையில் எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டதால் கடைகளில் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது, ஆனாலும் இன்னும் கிடைக்கிறது.

கேன்வாஸ் பையின் கணக்கு வேறு. அதில் இரும்புச் சாமான் ஏறக்குறைய இல்லை. ஏனென்று கேட்டதற்கு நண்பர் என்னைக் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வாட்டர் பம்ப் ஷாஃப்டைக் காட்டி, இதையும் கையோடு ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். “இரும்புங்களா? அதெல்லாம் எதுக்குங்கண்ணா சுமக்கறீங்க, கடைஞ்சு குடுத்தர்லாமுங்க. ரப்பரைத்தானுங்க நம்மால கடைய முடியாது.”

அவர் சொன்னதில்தான் மொத்த விமர்சனமும் இருக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்லும் அதைத் தொடர்ந்து மோட்டார் பம்பும் பெருகிய ஊர் இது. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத் இருக்கிறது. முறிந்த பிராக்கெட், தேய்ந்த புஷ், மரை போன ஸ்டட் எல்லாம் சாயங்காலத்துக்குள் தயார். கண்டென்சரையும், கார்புரேட்டர் நீடில் வால்வையும், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் கப்பையும் அப்படிச் செய்து வாங்க முடியாது. ஆக, பையில் ரப்பரும் கரண்ட் சாமானும் போகட்டும், இரும்பு ஊரிலேயே இருக்கட்டும்.

பர்லியாறுக்கு மேலே இது நிரூபணமானது. கிளம்பும் முன் ரெடிமேட் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட புத்தம்புதுக் கண்டென்சர், வெயில் ஏறியதும் மக்கர் செய்தது. முதலில் லேசான தடுமாற்றம், பிறகு சைலன்சரில் பட் பட்டென்று வெடிச் சத்தம், அடுத்த வளைவில் வண்டி ஓரம் கட்டியாயிற்று. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்கு ரெண்டு கிளிப்தான், விரலால் தள்ளினாலே கழன்றுவிடும். ரோட்டாரை உருவிவிட்டு நண்பரிடம் ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். இந்தக் காரில் ஸ்டார்ட் செய்ய டாஷ்போர்டில் ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்ததும் பாயின்ட் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நடுவே நீலப் பொறி தடித்துப் பறந்தது. பாயின்ட் முகம் கறுத்துப் போயிருந்தது. கண்டென்சர் செத்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பையிலிருந்த கண்டென்சர் பழையது, அதே காரில் ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி வைத்தது. ஒரே ஸ்க்ரூ. பாயின்ட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 15 தௌ, அதாவது ஏறக்குறைய 0.38 மி.மீ., வைத்து மூடினோம். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் கெட்டியான விசிட்டிங் கார்டை வைத்துச் சமாளிக்கலாம். வண்டி எடுத்துக்கொண்டது, குன்னூர் வரை தும்மவில்லை. இப்போது வருகிற புதுக் கண்டென்சர்கள், ரோட்டார்கள் பலவற்றின் தரம் பற்றிப் பழைய கார்க்காரர்கள் உலகம் முழுக்கப் புலம்புகிறார்கள். வழி ஒன்றுதான்: புதிதாக வாங்கியதை ஊருக்குள்ளேயே கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து, தேறினால் கழற்றிப் பையில் வைப்பது. உறை பிரிக்காத சாமான் ஸ்பேர் ஆகாது. சென்னையில் 1961-லிருந்து இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் புண்ணியத்தில் லூகாஸ் வகைப் பாகங்கள் நமக்கு அந்நியமில்லை. ஆனால் டிஸ்ட்ரிப்யூட்டர் மாடல் மாறினால் பாயின்ட் செட்டும் மாறும், பார்த்து வாங்க வேண்டும்.

பெட்ரோல் விஷயம் இதைவிடச் சிக்கல். பங்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அறுபது வருடத்துக்கு முந்தைய ரப்பர் ஹோஸுக்கும் கார்க் சீலுக்கும் அது ஆகாது. ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து, துணுக்குகள் போய் நீடில் வால்வில் அடைக்கும். பெட்டியில் ஃப்யூவல் ஹோஸே இல்லை, பெரிய குறை. பையில் எத்தனால் தாங்கும் ஹோஸ் அரை மீட்டரும் நாலு கிளிப்பும் இருந்தன. பின்னால் இருக்கிற எஸ்யூ பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடிப்பது நின்றுவிட்டால், ஸ்பேனர் பிடியால் அதன் மேல் ஒரு தட்டு தட்டுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்ட பாயின்ட் விடுபட்டு மறுபடி அடிக்கும். கேலி செய்யாதீர்கள், இது ஒப்புக்கொள்ளப்பட்ட வைத்தியம். தட்டியும் எழவில்லை என்றால் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்பு ஒன்றைத்தான் மாட்ட வேண்டும். இன்ஜெக்ஷன் காரின் பம்பை மாட்டினால் அந்த அழுத்தத்தை எஸ்யூ நீடில் வால்வு தாங்காது, கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டும்.

ஃபேன் பெல்ட், ஒன்று, சரி. ரேடியேட்டர் ஹோஸும் சரி. வாட்டர் பம்பு வேண்டாம். அது திடீரென்று சாவதில்லை, நாள்கணக்கில் ஒழுகி, சத்தம் போட்டு, சொல்லிவிட்டுத்தான் போகும். அந்த இடத்தில் அஞ்சு லிட்டர் தண்ணீர் கேன் வையுங்கள்.

பையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆக்சிலரேட்டர் கேபிளுக்கு மாற்றாக வைத்திருந்த சைக்கிள் பிரேக் கேபிளும், ஸ்க்ரூ வைத்து இறுக்கும் நிப்பிள் ரெண்டும். எந்தக் கிராமத்து சைக்கிள் கடையிலும் கிடைக்கும், ஒரிஜினல் கேபிளுக்கு இங்கிலாந்திலிருந்து பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மெக்கானிக் மூளை என்றால் இதுதான்.

ஸ்பேனரில் ஏமாறாதீர்கள். காரின் நட்டுகள் இன்ச் அளவு. அரை இன்ச் என்பது 12.7 மி.மீ., அதில் 13-ஆம் நம்பர் லேசாக ஆடும், பலமாக இழுத்தால் நட்டு முனை மழுங்கிவிடும். 9/16 என்பது 14.3 மி.மீ., அதற்கு 14 நுழையாது, 15 சுற்றும். மாருதிக்கு வாங்கிய செட்டை வீட்டில் வைத்துவிட்டு இன்ச் செட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எடையே இல்லாதது: ஒரு ஸ்டிக்கர். எம்ஜிஏ ஆலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் எர்த். பாடியோடு சேர்வது பிளஸ். உதவிக்கு வருகிற நல்ல மனுஷர் வழக்கம்போல மைனஸைப் பாடியில் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் ரெண்டு வண்டிக்கும் கேடு. இதில் இருப்பதோ ரெண்டு 6 வோல்ட் பாட்டரிகள், சீட்டுக்குப் பின்னால் பலகைக்கு அடியில். போனட்டைத் திறந்து பாட்டரியைத் தேடுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். “பாசிட்டிவ் எர்த், பாட்டரி பின்னால்” என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார் நண்பர். பெட்டியில் இது கிடையாது.

ஆக, ரெடிமேட் பெட்டியை வாங்காதீர்கள். வாங்கியே ஆவேன் என்றால் ஹெட் கேஸ்கட்டையும் வாட்டர் பம்பையும் ஷெல்ஃபில் வைத்துவிட்டு மற்றதைப் பிரித்து, ஓட்டிப் பார்த்து எடுத்துப் போங்கள். மேட்டுப்பாளையம், ஊட்டி, பாலக்காடு, ஈரோடு என்று சுற்றுவதற்குக் கேன்வாஸ் பையே தாராளம். வால்பாறைக்கு மட்டும் போதாது. ஆழியாறு தாண்டி 40 வளைவுகள், காட்டுப் பாதை, பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது. அங்கே போவதானால் இக்னிஷன் காயில் ஒன்றும் அந்த எலக்ட்ரிக் பம்பும் கூடுதலாக வேண்டும், அதற்கு இடம் பண்ண மாற்றுத் துணியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.