‘ஆண்மையற்றவன்’ என்ற பட்டமும் மூன்று பெண்களும்

பல ஆண்டுகளாக மாணவிகளுக்கு ஐரோப்பிய வரலாறு நடத்தி வருகிறேன். ஸ்பெயின் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு உற்சாகம் தொற்றிக்கொள்ளும், எனக்கும் சேர்த்துத்தான். ஆண் அரசர்களின் நீண்ட வரிசையில் அபூர்வமாக ஒரு பெண் வருகிறாள் அல்லவா? இசபெல். தன் திருமணத்தைத் தானே முடிவு செய்தவள். 1474 டிசம்பரில், கணவன் ஊரில் இல்லாதபோதே செகோவியா நகரில் தன்னை அரசியாக அறிவித்துக்கொண்டவள். தனக்கு முன்னால் உருவிய வாளை ஏந்திச் செல்ல வைத்து ஊர்வலம் வந்தவள். அவளுக்கு முன் காஸ்தீலை ஆண்ட அவளுடைய அண்ணனைப் பற்றி என் குறிப்பேட்டில் ஒரே வரிதான் இருந்தது: ‘நான்காம் என்ரீகே (1454–1474). பலவீனமான அரசன். ஆண்மையற்றவன் எனப் பெயர் பெற்றவன். வாரிசு இல்லை.’

ஒருநாள் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், வாரிசு இல்லைன்னு சொல்றீங்க. ஆனா இந்த வம்சாவளிப் படத்துல அவர் பேருக்குக் கீழே ஒரு பொண்ணு பேரு இருக்கே? ஏன் அதுக்கு மட்டும் புள்ளிக்கோடு?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தப் புள்ளிக்கோடு என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

அந்தப் பட்டத்தைத் தமிழில் எழுத நான் கொஞ்சமும் சிரமப்படவில்லை. அதுவே என்னை உறுத்தியிருக்க வேண்டும். ‘ஆண்மை’ என்ற நம் சொல்லுக்குள் வீரமும், ஆளும் திறனும், உடலுறவு கொள்ளும் ஆற்றலும் பிரிக்க முடியாமல் ஒன்றாகக் கிடக்கின்றன. 15ஆம் நூற்றாண்டுக் காஸ்தீலிலும் அப்படித்தான் இருந்தது. அரசனுக்கு ஆளத் தெரியவில்லை என்று சொல்ல விரும்பியவர்கள் அவனுடைய படுக்கையறையைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே நடந்தது, நடக்காதது இரண்டுக்கும் சாட்சி சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் உடல் கூண்டில் ஏற்றப்பட்டது.

முதலில் ஏற்றப்பட்டவள் நவார் நாட்டு இளவரசி பிளாங்கா. 1440-இல், 16 வயதில், 15 வயது இளவரசனான என்ரீகேயை மணந்தாள். 13 ஆண்டுகள் குழந்தை இல்லை. 1453-இல் திருச்சபை அந்தத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பு எப்படி எட்டப்பட்டது என்பதைப் பாருங்கள். இரண்டு மூத்த பெண்கள் பிளாங்காவின் உடலைச் சோதித்து அவள் கன்னிதான் என்று சொன்னார்கள். இன்னொரு பக்கம் செகோவியாவில் பாலியல் தொழில் செய்துவந்த பெண்களிடம் ஒரு பாதிரியார் விசாரித்தார். இளவரசனால் தங்களோடு உறவுகொள்ள முடிந்தது என்று அவர்கள் சொன்னதாகப் பதிவானது. இரண்டையும் சேர்த்துக் கிடைத்த முடிவு: யாரோ வைத்த சூனியத்தால் என்ரீகேக்கு இந்த ஒரு மனைவியிடம் மட்டும் இயலாமல் போயிற்று. ஆகவே இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம். போப்பாண்டவரும் அதே ஆண்டில் அதை உறுதி செய்தார்.

மனைவியின் உடல், விலைமாதர் என்று இழிக்கப்பட்ட பெண்களின் உடல், இரண்டும் சேர்ந்து ஒரு ஆணுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தன. அவன் இரண்டாம் திருமணத்துக்குத் தயாரானான். அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

அந்தப் பிறந்த வீடும் அவளுக்கு வீடாக இல்லை. அண்ணன் கார்லோஸ் 1461-இல் இறந்ததும் நவாரின் மணிமுடி அவளுக்கு வரவேண்டியது. சொந்தத் தகப்பனே அவளைச் சிறைப்பிடித்து, அவளுக்கு அடுத்த வாரிசான தங்கையின் குடும்பத்திடம் ஒப்படைத்தான். அங்கே கொண்டுபோகப்படும் வழியில், 1462-இல், அவள் ஒரு ஆவணம் எழுதினாள். நவார் மீதான தன் உரிமையை என்ரீகேக்குக் கொடுப்பதாக. 13 ஆண்டுகள் வாழ்ந்து, வெறும் கையோடு திருப்பி அனுப்பியவனுக்கு! உலகத்தில் தன்னைக் காப்பாற்றக்கூடியவன் அவன் ஒருவன்தான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவன் வரவில்லை. 1464 டிசம்பரில், 40 வயதில், ஓர்தேஸ் நகரில் காவலில் இருந்தபடியே இறந்தாள். நஞ்சு வைக்கப்பட்டாள் என்ற சந்தேகம் அன்றே எழுந்தது.

இரண்டாமவள் போர்ச்சுகல் அரசனின் தங்கை ஹுவானா. 1455-இல் 16 வயதில் வந்தாள். அரச தம்பதியின் முதலிரவுக்குச் சாட்சிகளை நிறுத்தும் காஸ்தீல் வழக்கத்தை என்ரீகே இந்தத் திருமணத்துக்கு முன்பு நீக்கிவிட்டான். அவன் செய்தவற்றில் எனக்குப் பிடித்த ஒன்றிரண்டு செயல்களில் இதுவும் ஒன்று. எதிரிகளுக்கோ அதுவே ஆதாரம் ஆயிற்று. மறைக்க ஏதோ இருப்பதால்தான் சாட்சி வேண்டாம் என்கிறான் என்றார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1462 பிப்ரவரியில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் ஹுவானா என்றே பெயர். நாட்டின் பிரதிநிதிகள் கூடி அவளை வாரிசாக ஏற்று உறுதிமொழி எடுத்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் கதை மாறியது. அரசன் தங்களைவிட பெல்த்ரான் தெ லா குவேவா என்ற புதியவனுக்குச் செல்வாக்குக் கொடுத்தது பெரிய பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. 1464-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, குழந்தை அரசனுடையது அல்ல என்றது. பெல்த்ரானின் பெயரையே குழந்தைக்குச் சூட்டி ‘பெல்த்ரனேஹா’ என்று ஏளனம் செய்தார்கள். பதவிச் சண்டை ஒரு பெண்ணின் ஒழுக்கம் பற்றிய வழக்காக மாறிவிட்டது. மறு ஆண்டு ஜூன் மாதம் ஆவிலா நகருக்கு வெளியே மேடை போட்டு, அரசனைப் போல ஒரு பொம்மையை உட்கார வைத்து, கிரீடத்தையும் வாளையும் கோலையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பொம்மையை உதைத்துத் தள்ளினார்கள். அவனுடைய தம்பி, 11 வயது அல்போன்சோவை அரசன் என்றார்கள்.

என்ரீகே உண்மையிலேயே பலவீனமானவனா? ஆம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எதற்காக அப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. கிரனாதா மீதான போர்களில் அவன் நேருக்கு நேர் மோதலைத் தவிர்த்தான், வீரர்களின் உயிரை வீணாக்க விரும்பவில்லை. அதைக் கோழைத்தனம் என்றார்கள். முஸ்லிம்களைப் போல உடுத்தினான், அவர்களைக் காவலர்களாக வைத்துக்கொண்டான். அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தார்கள். இவற்றில் எதையும் பலவீனம் என்று நான் கருதவில்லை. அவனுடைய பலவீனம் வேறு: நெருக்கடி வந்தபோதெல்லாம் வீட்டுப் பெண்களை விலையாகக் கொடுத்துத் தப்பித்தான்.

1467-இல் பிரபுக்களோடு பேரம் பேசியபோது அரசி ஹுவானாவைப் பிணையாகக் கொடுத்தான். அவள் அலாயேஹோஸ் கோட்டையில் ஒரு பேராயரின் பொறுப்பில் வைக்கப்பட்டாள். அங்கே இன்னொரு ஆணோடு உறவு ஏற்பட்டு அவள் கருவுற்றாள். கோட்டையிலிருந்து தப்பியும் போனாள். 1468 ஜூலையில் அல்போன்சோ இறந்தான். செப்டம்பரில் கிசாந்தோ என்ற இடத்தில் என்ரீகே தங்கை இசபெல்லோடு உடன்படிக்கை செய்து, அவளை வாரிசாக ஏற்றான். கடந்த ஓராண்டாக அரசி தன் உடலைத் தூய்மையாக வைத்திருக்கவில்லை என்று அந்த உடன்படிக்கையில் எழுதப்பட்டது. அவர்களின் திருமணமே முறையானது அல்ல என்றும் எழுதப்பட்டது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். மனைவியைப் பிணைப்பொருளாகக் கொடுத்தது கணவன். காவலில் இருந்தபோது நடந்ததை எடுத்துக்கொண்டு தண்டிக்கப்பட்டதோ, அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்ட ஆறு வயதுச் சிறுமி. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே என்ரீகே, மகள் தனக்கே பிறந்தவள் என்று மீண்டும் சத்தியம் செய்தான். அவன் வார்த்தைக்கு அதற்குள் மதிப்பு போய்விட்டது.

பெல்த்ரான் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் கோமகன் பட்டத்தோடு செல்வாக்காகவே வாழ்ந்தான். வாரிசுரிமைப் போர் வந்தபோது, தன் மகள் என்று ஊர் சொன்ன ஹுவானாவுக்கு எதிராக, இசபெல் பக்கம் நின்றான். அவதூறில் மூன்று பேர் இருந்தார்கள். அரசி 1475-இல் 36 வயதில் அவப்பெயரோடு இறந்தாள், மகளுக்கு அந்த ஏளனப் பெயர் இன்றுவரை ஒட்டியிருக்கிறது. ஆணுக்கு ஒரு கீறலும் இல்லை.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர்கள் யார்? அலோன்சோ தெ பலென்சியா என்ற அரசவை வரலாற்றாசிரியர் என்ரீகேயிடம் சம்பளம் வாங்கியவர். பிறகு எதிரணிக்குப் போய், இசபெல்லின் திருமணத்துக்காக மாப்பிள்ளை பெர்னாந்தோவை அழைத்துவர அரகோன் வரை சென்றவர். அவருடைய ஏட்டில் பெண்களைப் பற்றிய ஏச்சுக்குக் குறைவில்லை. அரசன் பக்கம் நின்ற என்ரீக்கெஸ் தெல் காஸ்தில்யோவின் குறிப்புகளை 1467-இல் செகோவியாவைப் பிடித்த கிளர்ச்சிக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். அவர் பின்னால் நினைவிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. வென்றவர்களின் ஏடு ஒருபுறம், பறிபோனவரின் நினைவு மறுபுறம்.

பிறகு மருத்துவர்கள் வந்தார்கள். அரசன் இறந்து 20 ஆண்டுகள் கழித்து ஸ்பெயினில் பயணம் செய்த ஜெர்மானிய மருத்துவர் மூன்சர், அரசிக்குத் தங்கக் குழாய் மூலம் விந்து செலுத்த முயன்றார்கள் என்று கேள்விப்பட்டதை எழுதினார். செயற்கைக் கருவூட்டலின் முதல் முயற்சி என்று சிலர் இன்றும் அதை வியப்போடு சொல்கிறார்கள். அந்தக் கதையில் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் வியக்கவில்லை. 1930-இல் கிரெகோரியோ மாரன்யோன் என்ற புகழ்பெற்ற ஸ்பானிய மருத்துவர், பழைய ஏடுகளின் வர்ணனைகளை நோயறிகுறிகளாக வாசித்து, என்ரீகேக்கு ஹார்மோன் கோளாறு என்று ஒரு நூலே எழுதினார். வசை, மருத்துவமனைச் சீட்டாக மாறியது. 1946-இல் குவாதலூபே மடாலயத்தில் என்ரீகேயின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டு ஆராயப்பட்டன. மகள் ஹுவானாவின் எச்சங்கள் தொலைந்துவிட்டன. ஆகவே மரபணுச் சோதனைக்கு வழியில்லை.

எனக்கு அதில் வருத்தமில்லை. ‘உண்மையில் அவள் யாருடைய மகள்?’ என்ற கேள்விதான் இந்தக் கதையின் கண்ணி. திருமணத்துக்குள் பிறந்தாள், தகப்பன் ஏற்றான், நாடு உறுதிமொழி எடுத்தது. ஒரு ஆண் குழந்தையாக இருந்திருந்தால் பிரபுக்கள் இவ்வளவு எளிதாக வாய் திறந்திருப்பார்களா?

இப்போது நான் கொண்டாடிய இசபெல்லிடம் திரும்ப வேண்டும். இதுதான் எனக்குக் கடினமான பகுதி. காஸ்தீல் சட்டப்படி மகள் நாடாளலாம். இசபெல் அந்தச் சட்டத்தில் நின்றுதான் அரசியானாள். கணவனுக்கே ஆளும் உரிமை என்று அவன் பக்கத்தார் வாதிட்டபோது, தங்களுக்கும் இருப்பது ஒரு மகள்தானே என்று அவள் சொன்னதாக வரலாற்றாசிரியர் புல்கார் எழுதுகிறார். மகள்களின் உரிமையை அவ்வளவு நன்றாக அறிந்தவள், அதே சட்டப்படி தனக்கு முன்னால் நின்ற மகளை, தாயின் ஒழுக்கத்தைக் காட்டி அகற்றினாள். ஆணாதிக்கம் அவள் கையில் கொடுத்த ஆயுதம் அது. அவள் அதைத் தயங்காமல் எடுத்தாள். அதிகாரத்துக்கு வந்த பெண் என்பதற்காகவே ஒருத்தியைக் கொண்டாடும்போது, அவள் யாரை மிதித்து ஏறினாள் என்று நான் வகுப்பில் கேட்கவே இல்லை.

மகள் ஹுவானா சும்மா இருக்கவில்லை. 1475-இல், 13 வயதில், அவள் பெயரில் காஸ்தீலின் நகரங்களுக்கு ஒரு கடிதம் போயிற்று. யார் அரசி என்பதை நாட்டின் பிரதிநிதிகள் கூடித் தீர்மானிக்கட்டும் என்றது அது. பதிலுக்குப் போர்தான் கிடைத்தது. அவளை மணந்துகொண்டு போரிட வந்தவன் அவளுடைய தாய்மாமனான போர்ச்சுகல் அரசன். 1479-இல் சமாதானம் ஆனபோது அவளுக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. இசபெல்லின் ஒரு வயது மகன் வளரும்வரை காத்திருந்து, அவன் விரும்பினால் அவனை மணக்கலாம். இல்லையென்றால் கன்னியர் மடம். 17 வயதுப் பெண் மடத்தைத் தேர்ந்தெடுத்தாள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் சம்மதத்துக்காகக் காத்திருக்க மறுத்த அந்தத் தேர்வை நான் தோல்வியாகப் படிக்கவில்லை.

அவள் 1530 வரை போர்ச்சுகலில் வாழ்ந்தாள். இசபெல் இறந்த பிறகும் 25 ஆண்டுகளுக்கு மேல். கடைசிவரை கடிதங்களில் ‘அரசியாகிய நான்’ என்றே கையெழுத்திட்டாள் என்கிறார்கள்.

என் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: ‘நான்காம் என்ரீகே (1454–1474). முதல் மனைவி பிளாங்கா, காவலில் இறந்தாள். இரண்டாம் மனைவி ஹுவானா, பிணையாகக் கொடுக்கப்பட்டாள். வாரிசு: மகள் ஹுவானா.’ வம்சாவளிப் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது அவள் பெயருக்கு மேலே முழுக்கோடு போடுகிறேன். ஏன் என்று யாராவது கேட்பார்கள். கேட்காத ஆண்டு இதுவரை வரவில்லை.