கொள்ளு

ஜெராய் மலையடிவாரத்து மெர்போக்கில், மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் தமிழர் அடுக்களைகளிலிருந்து எழும் கொள்ளு ரசத்தின் மணம், ஈரத்தை எண்ணிச் செலவிட்ட வேறொரு தேசத்தின் சம்பத்து என்றே எனக்குத் தோன்றும். பெல்லாரிக்கு அருகேயுள்ள சங்கனக்கல்லு முதலிய புதிய கற்காலக் குடியிருப்புகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கரிந்த விதைகளுள், சிறுதானியங்களோடும் பாசிப்பயற்றோடும் கொள்ளும் கிடைத்திருக்கிறது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன், பருவமழை குன்றிவந்த தக்காணத்தில், அற்ப ஈரத்திலேயே வேரோடிச் சில மாதங்களில் காய்த்து முடியும் இப்பயிரைப் பேணியதோடு, வடக்கிலிருந்து கோதுமையும் பார்லியும் வந்து சேர்ந்த பின்னரும், நீர் வேண்டி நிற்கும் அவற்றின் மோகத்தில் இதைக் கைவிடாத அவ்வுழவரின் விவேகம் சாமானியமானதன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. காட்டுக் கொள்ளின் தடித்த தோல் முளைப்பைத் தாமதிப்பது. மனிதர் விதைத்து அறுத்த தலைமுறைகளில் அது மெல்ல மெல்லத் தேய்ந்து, விதைத்தவுடன் முளைக்கும் சுபாவம் விதைக்கு வாய்த்தது. இத்தேய்வைச் சார்லின் மர்ஃபியும் டோரியன் ஃபுல்லரும் தொல்விதைகளை உடைக்காமலே எக்ஸ் கதிர்களால் அளந்து 2017-இல் வெளியிட்டனர்.

குதிரைத் தீனி என்று இதை இகழ்வோர், பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட ரசத்தை ஒரு மிடறு பருகிவிட்டுப் பேசலாம்.