குறுந்தகடு சேர்ப்பதும் படத்தைக் காப்பதும்

தமிழின் பழைய துப்பறியும் படங்களையும் மர்மப் படங்களையும் விசிடி, டிவிடி ஆகிய குறுந்தகடுகளாகத் தேடிச் சேர்ப்பவர்களே அப்படங்களின் உண்மையான காப்பகம் என்னும் வாதம் இன்று பலராலும் முன்வைக்கப்படுகிறது. தயாரிப்பு நிறுவனங்கள் கைவிட்டவற்றைத் தனிமனிதர்கள் காப்பாற்றினர் என்றும், சென்னையின் நூலகங்களோ புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகமோ எட்டாத கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் வீட்டு அலமாரிகளே திரைப்பட வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன என்றும் அவ்வாதம் விரிகிறது. இதன் முற்பகுதியில் உண்மை உண்டு. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு ஏற்கத்தக்கதன்று.

சேகரிப்பாளர்களின் தொண்டு மறுக்க இயலாதது. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, வாடகைக் கடைகளில் தேய்ந்த ஒளிநாடாக்களை நம்பியிருந்த சிற்றூர் ரசிகர்களுக்கும் பழைய படங்கள் சொந்தமாயின. அந்நிறுவனம் 2018-இல் கலைப்புக்கு உள்ளான பின்னர், அதன் தகடுகள் சேகரிப்பாளர்களின் கைகளிலேயே மிஞ்சின. எஸ். பாலசந்தரை வீணைக் கலைஞராக மட்டுமே அறிந்த தலைமுறைக்கு, 'அந்த நாள்' (1954), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகிய படங்களின் இயக்குநராகவும் அவரை அறிமுகப்படுத்தியதில் இவர்களுக்குப் பங்குண்டு. 2011-இன் தானே புயலையும் 2015-இன் வெள்ளத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்தில், உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு தகட்டைப் பழுதின்றி வைத்திருப்பதே உழைப்புதான்.

ஆயினும், காக்கப்பட்டது எது என்ற கேள்விக்கு இச்சேகரிப்பு மரபில் விடை இல்லை. சேகரிப்பாளரின் பட்டியலில் படத்தின் பெயர், ஆண்டு, நடிகர், தகட்டை வெளியிட்ட நிறுவனம் ஆகியவை இருக்கும். அத்தகட்டிலுள்ள வடிவம் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது, எவ்வளவு குறைந்தது, எங்கே வெட்டப்பட்டது என்னும் குறிப்பு பெரும்பாலும் இராது. உறை கிழியாததும் வேறெவரிடமும் இல்லாததும் பெருமைக்குரிய செய்திகளாகின்றன. உள்ளே படம் முழுமையாக இருக்கிறதா என்பது எவர் அக்கறையிலும் இல்லை.

இக்குறை எவ்வகைப் படத்துக்கும் பொருந்தும் என்றாலும், துப்பறியும் படத்தை அது அடியோடு சிதைக்கிறது. குடும்பப் படத்தில் ஒரு காட்சி குறைந்தாலும் கதை பிழைத்துக்கொள்ளும். குற்றக் கதையிலோ அரை நிமிடக் காட்சி ஒன்றே தடயமாக அமைகிறது. 1943 அக்டோபரில் சென்னையின்மேல் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளைப் பின்னணியாகக் கொண்ட 'அந்த நாள்', வானொலிப் பொறியாளர் ஒருவரின் கொலையைப் பலருடைய கூற்றுகள் வழியே மீண்டும் மீண்டும் காட்டி, ஒவ்வொரு கூற்றிலும் எது மாறுகிறது என்பதைப் பார்வையாளரே கண்டுகொள்ளுமாறு அமைக்கப்பட்டது. பாடலே இல்லாத அப்படத்தில் கத்தரிக்கத்தக்க உபரி எதுவும் கிடையாது. 'பொம்மை' படத்தின் முடிவில் பாலசந்தரே தோன்றித் தம் கலைஞர்களையும் தொழில்நுட்பக் குழுவினரையும் அறிமுகப்படுத்துகிறார். கதை முடிந்தது என்று கருதி அவ்விடத்தில் நிறுத்திவிடும் தகடு, தமிழ்த் திரையின் அரிய ஆவணம் ஒன்றையே இழந்ததாகும்.

வெட்டு மட்டுமன்று, தகட்டின் தன்மையே இவ்வகைப் படத்துக்குப் பகையாகிறது. விசிடி என்பது படத்தை 352-க்கு 288 புள்ளிகளாகச் சுருக்கி, ஒரு தகட்டில் ஏறத்தாழ 74 நிமிடம் மட்டும் அடக்கும் முறை. அதனால் முழுப்படம் இரண்டு மூன்று தகடுகளாகப் பிளக்கப்படுவதோடு, இருளை மிகுதியாகவும் ஒளியைச் சிறு பகுதியிலும் வைக்கும் மர்மப்பட ஒளியமைப்பு கட்டங்கட்டமாக உடைந்துபோகிறது. ஏறத்தாழச் சதுரமாக அமைந்த பழைய திரைச்சட்டகத்தை இன்றைய அகன்ற தொலைக்காட்சிக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டும்போது, உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தொலைகிறது. சட்டகத்தின் அடிவிளிம்பில் துப்பாக்கியை நோக்கி நகரும் கை அந்தப் பங்கில் இருந்தால், இயக்குநர் வைத்த தடயம் பார்வையாளருக்கு எட்டுவதே இல்லை.

இவற்றைக் கண்டறிவது அரிதும் அன்று. ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடுவதால், 15,000 அடிப் படம் திரையரங்கில் 2 மணி 46 நிமிடம் ஓடியிருக்கும். நொடிக்கு 24 சட்டகம் என்பதை 25 ஆக மாற்றும் பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறைத் தகட்டில் அதே படம் 2 மணி 40 நிமிடத்தில் முடியும். அது வெட்டு அன்று. ஆனால் தகடு இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால், பத்து நிமிடம் எங்கோ போய்விட்டது என்பது உறுதி. சான்றிதழை நீக்கி நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டிய தகடுகளில் இச்சோதனைக்கு வழியில்லாமல் போகலாம்; அங்கும் திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்தும் இடம்வரையிலான கதைச்சுருக்கத்தையும் பாடல்களின் வரிசையையும் தந்து துணைசெய்யும். ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய இவ்வேலையைச் செய்யாமல் நூற்றுக்கணக்கான தகடுகளை அடுக்குவதைக் காப்பகப் பணி என்று அழைப்பது, அச்சொல்லுக்கே இழைக்கும் அநீதி.

அடுக்கி வைப்பதற்கும் ஆராய்ந்து காப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு சிதம்பரத்துக்குப் புதிதன்று. தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் இருந்தன என்றும், இராசராசன் காலத்தில் அறையைத் திறந்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்றும், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி திருமுறைகளாக வகுத்தார் என்றும் மரபு கூறுகிறது. அறையில் வைத்துப் பூட்டியதால் தேவாரம் பிழைக்கவில்லை. எது எஞ்சியது, எது அழிந்தது என்று ஆராய்ந்து வகுத்ததாலேயே பிழைத்தது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் ஏடுகளைத் திரட்டியதோடு நிற்காமல், அவற்றை ஒப்பிட்டுப் பாடபேதங்களை, அதாவது ஏட்டுக்கு ஏடு மாறுபடும் சொற்களை, ஆராய்ந்தார். இத்தகைய மரபுடைய மொழியில், திரைப்படத்துக்கு மட்டும் கிடைத்த பிரதியே மூலம் என்று கொள்வது வெட்கத்துக்குரியது.

ஜெர்மனியின் குற்றப் படங்களிலும் இப்பாடம் உண்டு. ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) பல்லாண்டுகள் குறைந்த நீளத்திலும் மாறிய சட்டக வடிவிலும் புழங்கியது. பல நாட்டுக் காப்பகங்களின் பிரதிகளை ஒப்பிட்டுச் சீரமைத்த பின்னரே அதன் மூலத்துக்கு நெருங்கிய வடிவம் தகடாக வெளிவந்தது. எட்கர் வாலஸ் கதைகளைக் கொண்டு ரியால்டோ நிறுவனம் 1959 முதல் 1972 வரை எடுத்த படங்களைச் சேர்க்கும் அந்நாட்டு ரசிகர்களுக்கும், ஒரு வெளியீட்டுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள நீள வேறுபாடு முதன்மையான செய்தி. தமிழிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை: பிலிம் நியூஸ் ஆனந்தனின் சேகரிப்பை அரசே பெற்றுக்கொண்டதற்குக் காரணம், அவர் பொருள்களைக் குவித்தது மட்டுமன்று, படந்தோறும் தகவலைப் பதிந்து வைத்ததே.

இந்த அலட்சியத்துக்கு இனி விலை கூடும். இந்தியச் சட்டப்படி படம் வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்ததும் பதிப்புரிமை முடிகிறது. அதன்படி 'பொம்மை'யும் 'புதிய பறவை'யும் 2025 சனவரி முதல் பொதுவுடைமை. மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' (1966) 2027-இலும், ஏவிஎம்மின் 'அதே கண்கள்' (1967) 2028-இலும் அந்நிலையை அடையும். உரிமைத் தடை நீங்கியதும் எவரும் எப்பிரதியையும் பரப்பலாம். எது முழுமை என்று சொல்லத்தக்கவர் இல்லாத நிலையில், மலிவாகக் கிடைத்த குறைப்பிரதியே எங்கும் பரவி மூலத்தின் இடத்தைப் பிடிக்கும். அதைத் தடுக்கும் வாய்ப்பு தகடுகளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே முதலில் உண்டு. ஒவ்வொரு தகட்டின் ஓடுநேரத்தையும் சான்றிதழ் நீளத்தோடு ஒப்பிட்டு, வெட்டுகளைக் குறித்து, அக்குறிப்பை அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம் போன்ற பொது இடமொன்றில் ஒப்படைக்கும் வரை, கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ளவை தனிமனிதர்களின் உடைமைகளே. காப்பகம் என்னும் பெயருக்கு அவை உரிமை கொண்டாட முடியாது.