குறவஞ்சியும் குறவன் குறத்தி ஆட்டமும்

குறவஞ்சி, இயலும் இசையும் கூத்தும் ஒருங்கியைந்த தமிழ்ச் சிற்றிலக்கிய வகை. குறவன் குறத்தி ஆட்டமோ, ஊர்த் திருவிழாக்களில் நையாண்டி மேளத்திற்கு இயையக் கரகாட்டத்தோடு சேர்த்து ஆடப்பட்டு வந்த கூத்து. பின்னது முன்னதன் வழித்தோன்றல் என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. குறவர் சமூகத்தினர் இவ்வாட்டத்தின் கோலமும் பேச்சும் தம்மை இழிவுபடுத்துவன என்று பல்லாண்டுகள் முறையிட்டனர். 2023ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்முறையீட்டை ஏற்றது. தமிழ்நாடு அரசும் அவ்வாண்டிலேயே ஆட்டத்தைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. அதன் பின்னரும் விவாதம் ஓயவில்லை. ‘குற்றாலக் குறவஞ்சியைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்துக்கொண்டு, அதன் வழிவந்த ஆட்டத்தை ஊர் மந்தையில் தடுப்பது என்ன முறை?’ என்பது ஆட்டத்தின் சார்பில் எழுப்பப்படும் வினாக்களுள் வலியது. இவ்வினா சட்டத்தை நோக்கியதன்று. இலக்கிய வரலாற்றை நோக்கியது. ஆதலின் இதற்கு விடை கூறும் கடப்பாடு தமிழாராய்வோர்க்கு உண்டு.

குறத்தியின் சொல்

குறி கூறும் மகளை நம் இலக்கியம் தொடக்கத்திலிருந்தே சொல்லால் அறிமுகப்படுத்துகின்றது. குறுந்தொகை 23ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் அகவன் மகள் மலையைப் பாடுபவள். அவள் பாடிய மலை தலைவனுடையது என்பதைக் குறிப்பால் உணர்த்தும் தோழி, அப்பாட்டையே மீண்டும் பாடுமாறு வேண்டுகிறாள். ஒரு குடும்பத்தின் மறைபொருளை வெளிக்கொணரும் ஆற்றல் அங்கு அவளது பாட்டிற்கே உரியதாக இருக்கின்றது. அவளது உடையோ தோற்றமோ நகைக்குப் பொருளாகவில்லை.

பிற்காலத்தில் எழுந்த ‘குறம்’ என்னும் வகையிலும் இந்நிலை மாறவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை குறம் முழுவதும் குறத்தியின் கூற்றாகவே நடக்கின்றது. குறவஞ்சியில் பிற மாந்தரும் வந்து சேர்கின்றனர்; எனினும் நூலின் முடிச்சை அவிழ்ப்பவள் குறத்தியே. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லி கொண்ட காதலைத் தென்றலும் திங்களும் வளர்க்கின்றன. தோழியின் தூதும் தீர்க்கவில்லை. சிங்கி வந்து கைபார்த்துக் கூறிய பின்னரே அக்காதலுக்கு ஒரு பெயர் கிடைக்கின்றது.

அவள் கூறும் மலைவளத்தை ஊன்றிப் பயில்வோர் மற்றொன்றையும் காண்பர். கொல்லிமலை தன் தங்கைக்கும், பழனிமலை கொழுநனுக்கும், விந்தமலை தந்தைக்கும், இமயம் தமையனுக்கும் உரியன என்று அவள் உறவுமுறை கூறி அடுக்குகிறாள். நாட்டின் மலைகள் எல்லாம் தன் சுற்றத்தார் உடைமை என்று ஒருத்தி அரண்மனைப் பெண்ணின் எதிரே நின்று கூறுவது எளிய செய்தியன்று. புலவர் கற்பனை என்று தள்ளினும், அக்கற்பனை அவளுக்கு வழங்கிய இடம் பெருமிதத்திற்கு உரியது என்பதை மறுத்தல் இயலாது.

சிங்கனும் நகையும்

இவ்வளவில் நிறுத்திக்கொண்டு, இலக்கியம் தூயது என்றும் ஆட்டமே கெட்டது என்றும் முடிவு கட்டுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. குறவஞ்சியின் பிற்பகுதியில் நகைக்கு உரியவனாகச் சிங்கன் வருகிறான். நூவனோடு புள் வேட்டையாடியவன், சிங்கியைக் காணாது அலைந்து, இறுதியில் கண்டடைகிறான். அவள் அணிந்துள்ள புதிய அணிகளை அவன் அறியான். காலில் கிடக்கும் அணியைப் பாம்பென மருள்கிறான். அவள் இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று விடையிறுக்கிறாள். வினாவும் விடையுமாகச் செல்லும் இப்பகுதி அரங்கில் என்றும் நகை விளைத்து வந்துள்ளது.

தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவர். அவற்றுள் எள்ளலும் பேதைமையும் வேறாக எண்ணப்பட்டமை ஈண்டு கருதத்தக்கது. சிங்கன்வழிப் பிறக்கும் நகை பேதைமை பொருளாகப் பிறப்பது. அவன் அறியாமைக்குக் கதையில் காரணம் உண்டு. அவன் பிரிந்திருந்த காலத்தில் அவள் நாடு பல சென்று பொருள் ஈட்டியிருக்கிறாள். நகைக்கும் இடையே அவளது அறிவும் உழைப்பும் வெளிப்படுகின்றன. மேலும் அவர்கள் உரையாடல் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பில் முடிகின்றது.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. வசந்தவல்லியின் காதல் துன்பச் சுவையோடும், சிங்கனது காதல் நகைச் சுவையோடும் புனையப்படுவானேன்? உயர்குடிப் பெண்ணின் வேட்கைக்கு நிலவும் தென்றலும் துணைவர, குறவனது வேட்கை வெளிப்படையாகவும் சிரிப்புக்கு இடமாகவும் அமைவானேன்? நூலை இயற்றியவர் குறவர் அல்லர். அதனைக் கேட்டு மகிழ்ந்த அவையும் குறவர் அவையன்று. சரபோசி மன்னரைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடியவர் கோயில் ஆடல் மகளிர். பிறர் எழுதப் பிறர் ஆடப் பிறர் கண்டு களித்த உருவமே குறத்தி. பிற்காலக் கூத்தின் வித்து இங்குக் கிடக்கின்றது என்பதை ஆராய்வோர் மறைத்தல் ஆகாது.

மேடைக் கோலம்

வித்து வேறு, விளைவு வேறு. திருவிழா மேடையில் வந்த குறத்தி பெரும்பாலும் குறி சொல்வதில்லை, மலைவளம் பாடுவதுமில்லை. குட்டைப் பாவாடையும் பாசிமணியும் அணிந்து ஆடும் உடலும், குறவனாக வேடமிட்டவனோடு பேசும் இரட்டைப் பொருட் பேச்சுமே ஆட்டத்தின் உள்ளீடாயின. குறவஞ்சியின் உயிராக இருந்த சொல் நீங்கிற்று. அதன் புறத்தே இருந்த கோலம் தங்கிற்று. பேதைமையால் பிறந்த நகையின் இடத்தை எள்ளல் கைக்கொண்டது. கதையில் வரும் ஒருவனை நோக்கிய நகை, பெயர் சுட்டி ஒரு சமூகத்தையே நோக்கியதாயிற்று.

அக்கோலம் எவருடையது என்று ஆராயின் மற்றொரு குழப்பம் தோன்றும். பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவரைப் போன்ற கோலமே பல மேடைகளில் இடப்பட்டது. நரிக்குறவர் பேசுவது வாக்ரிபோலி என்னும் இந்தோ-ஆரிய மொழி. வரலாற்றாலும் வாழ்வாலும் அவர் குறவரின் வேறானவர். ஒரு மக்களின் பெயரையும் மற்றொரு மக்களின் உடையையும் இணைத்து, இருவரிடத்தும் இல்லாத நடத்தையை அவ்விணைப்பின்மேல் ஏற்றியது இவ்வாட்டம். வாழ்வைக் கண்டு வரைந்த ஓவியம் இத்தகைய பிழை செய்யாது. காணாமலே வரைந்ததற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வெள்ளல் வெற்றிடத்தில் நிகழவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டம், பிறப்பினாலேயே சில குடிகளைக் குற்றவாளிகள் எனக் கொண்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குறவருள் பல பிரிவினர் அதன் பட்டியலில் இடம்பெற்றனர். மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. ஆனால் சட்டம் ஏற்றிய ஐயம் ஊரார் உள்ளத்தினின்றும் அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. காவல் நிலையத்தில் ஐயத்திற்கு உரியவனாகவும் கோயில் விழாவில் சிரிப்புக்கு உரியவனாகவும் ஒருவன் நிறுத்தப்படும்போது, அவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாக அவன் உணர்வதற்கு இடமில்லை. விழா மேடையின் எதிரே நிற்கும் குறவர் சிறுவனுக்கு அவ்வாட்டம் இலக்கியத்தின் எச்சமாகத் தோன்றாது. மறுநாள் பள்ளியில் அவனை அழைக்கப்போகும் பெயராகவே தோன்றும்.

பிற நாட்டு ஒப்புமை

விழாக் கோலம் பற்றிய இத்தகைய வழக்குப் பிற நாடுகளிலும் எழுந்துள்ளது. நெதர்லாந்து நாட்டில் திசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் மாலையில் சிந்தர்கிளாஸ் என்னும் புனிதரின் விழா நிகழும். அவருடைய பணியாளனாக வருபவன் ‘ஸ்வார்த்தே பீட்’, அஃதாவது கறுப்புப் பீட். முகத்தில் கரிபூசி, உதட்டில் செஞ்சாயம் தீட்டி, சுருள்மயிர்த் தலைப்பொய்கை அணிந்து, காதில் பொன் வளையம் இட்டு வெள்ளையர் அவ்வேடம் புனைவர். இதற்கும் ஓர் இலக்கிய மூலம் உண்டு. ஆம்ஸ்டர்டாம் பள்ளியாசிரியர் யான் ஸ்கெங்க்மன் 1850இல் வெளியிட்ட சிறுவர் நூலில், நீராவிக் கப்பலில் வரும் புனிதரோடு கறுப்புப் பணியாளன் ஒருவன் பெயரின்றி வருகிறான். அந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட சுரிநாமில் அடிமை முறை அப்போது சட்டப்படி நிலவியது; 1863இலேயே ஒழிக்கப்பட்டது.

கறுப்பு நிறம் புகைபோக்கியின் கரியால் வந்தது என்பது அவ்வழக்கத்தைக் காப்போர் கூறும் விளக்கம். கரி முகத்தைக் கறுப்பாக்கலாம். மயிரைச் சுருட்டாது, உதட்டைச் சிவப்பாக்காது என்பது எதிர்ப்போர் விடை. பாடபேதம் ஆராய்வோர்க்கு இவ்விடையின் வலிமை நன்கு விளங்கும்: கூறப்படும் காரணம் காணப்படும் கூறுகள் அனைத்தையும் விளக்க வேண்டும், ஒன்றை மட்டும் விளக்குவது காரணமாகாது. 2011இல் தோர்த்ரெக்ட் நகர விழாவில், அவ்வேடம் இனவெறி என்னும் வாசகம் பொறித்த சட்டையோடு நின்றோர் கைது செய்யப்பட்டனர். 2019இல் தேசிய அளவில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட வருகை விழாவில், முகத்தில் கரிக்கோடுகள் மட்டும் கொண்ட பணியாளரே வந்தனர். கோலம் மாறியது; சிந்தர்கிளாஸ் விழா மறையவில்லை. விழாவின் உயிர் எது, விழாவின்மேல் ஏறிய தூசு எது என்று பிரித்தறிய இவ்வொப்புமை உதவுகின்றது.

சில தடைகளும் விடைகளும்

ஆட்டத்தின் சார்பில் கூறப்படும் தடைகளுள் இரண்டு கருதத்தக்கன. நாட்டுப்புற நகை எவரையும் விடுவதில்லை. அரசனையும் புரோகிதனையும் அது எள்ளும். குறவரை மட்டும் விலக்க வேண்டுவதென்ன என்பது முதலாவது. எள்ளல் மேல்நோக்கிச் செல்லும்போது எள்ளப்பட்டவன் மறுநாளும் தன் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். கீழ்நோக்கிச் செல்லும் எள்ளலில் எள்ளப்பட்டவனுக்கு அமர்வதற்கு ஆசனமே இல்லை. தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசனை நகையாடுவதும், குறவனாக வேடமிட்டவன் குறவனை நகையாடுவதும் சொல்லமைப்பால் ஒத்திருப்பினும் பயனால் ஒவ்வா.

ஆட்டக் கலைஞரின் பிழைப்பு என்னாவது என்பது இரண்டாவது. இதுவே நாம் பெரிதும் மதிக்கும் தடை. மேடையில் ஆடும் பெண்ணும் பெரும்பாலும் வறியவளே. இரட்டைப் பொருட் பேச்சை அவள்மேல் சுமத்தியது விழா எடுப்போரின் விருப்பமும் கூடியிருப்போரின் ஆரவாரமுமேயாகும். தடை ஆணை அவளது கூலியைக் குறைத்துவிட்டு, அவ்விருப்பத்தைத் தொடாது விடுமாயின் நீதி பாதியளவே நிறைவேறும். கரகம், காவடி, ஒயில், தேவராட்டம் என ஆடத்தக்க கலைகள் பல உள. அவற்றிற்கு விழாக் குழுக்கள் தரும் ஊதியத்தை உயர்த்துவதும், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தின் உதவி அவளைச் சென்று சேர்வதும் தடையின் மறுபாதியாக அமைதல் வேண்டும்.

எஞ்சியது, தொடக்கத்தில் கண்ட வினா. குறவஞ்சியைப் பயில்வதும் குறவன் குறத்தி ஆட்டத்தை விலக்குவதும் தம்முள் முரணுவன அல்ல. வழித்தோன்றல் என்று கூறுவதற்கு மூலத்தின் உயிர்க்கூறு வந்திருத்தல் வேண்டும். குறவஞ்சியின் உயிர் குறத்தியின் சொல். ஆட்டத்தில் அது வரவில்லை. வந்தது சிங்கன்வழிப் பிறந்த நகையின் திரிபு மட்டுமே. ஆதலின் ஆட்டத்தைக் காக்கக் குறவஞ்சியைச் சான்றழைத்தல் பொருந்தாது. அதே நேரத்தில், வகுப்பில் குறவஞ்சியைப் பயிற்றுங்கால் மலைவளத்தின் இனிமையைக் காட்டி அமையாது, சிங்கனை நோக்கி நகைக்கும் அவை எது என்ற வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். அவ்வகுப்பில் குறவர் மாணவர் ஒருவர் அமர்ந்திருத்தல் இன்று இயல்பு. அவர் முன்னிலையில் சொல்லக் கூசும் விளக்கம் அவர் இல்லாதபோதும் விளக்கமாகாது.

குறவரைப் பற்றிப் பிறர் பாடியவை நம்மிடம் மிகுதி. குறமகளிர் தாமே பாடியனவாக வந்துள்ளவை மிகச் சில. நற்றிணை 357ஆம் பாட்டு, குறமகள் குறியெயினியின் பெயரில் உள்ளது. புறநானூற்று 157ஆம் பாட்டைப் பாடியவர் குறமகள் இளவெயினி. சுற்றத்தார் பிழையைப் பொறுத்தலும், பிறர் வறுமைக்கு நாணுதலும் தம் தலைவனாகிய ஏறைக்கோனுக்கு உரிய பண்புகள் என்கிறார் அவர். அவை நும் தலைவர்க்குப் பொருந்துவன அல்ல என்றும் எதிரில் நிற்போரிடம் கூறிவிடுகிறார். எம்மவன், நும்மவர் என்று அவர் பிரித்துப் பேசும் இடத்தில், குறமகள் பிறரது பாடுபொருளாக நிற்கவில்லை; பிறரை அளந்து தீர்ப்புக் கூறுபவளாக நிற்கிறாள். மரபு என்னும் சொல்லை இவ்வழக்கில் எடுத்தாள விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் இப்பாட்டே என்பது நம் முடிபு.