வாசலில் யார் காத்திருப்பது?

பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக மலையேறும் வண்டி பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையைத் தொட்டுவிடும். பழனியிலிருந்து வருவதும் அங்கேதான் வந்து சேரும். அதற்கு மேல் எல்லாருக்கும் ஒரே வாசல், வெள்ளி நீர்வீழ்ச்சி சுங்கச்சாவடி. கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளின் இ-பாஸ் அனுமதியைப் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

மெசேஜ் கியூவை நம்பி ஓடும் மைக்ரோசர்வீஸ்களுக்கு முன்னால் எச்டிடிபி கேட்வே ஒன்றை நிறுத்துவதும் இதே நியாயத்தில்தான். பிரவுசருக்கு ராபிட்எம்கியூ போன்ற மெசேஜ் கியூவின் பேச்சு புரியாது. வருவது யார் என்று பார்ப்பது, அளவுக்கு மீறி அழைப்பவரைத் தடுப்பது எல்லாம் ஓரிடத்தில் முடிந்துவிடும். உள்ளே எந்த சர்வீஸ் நின்றது, எது மறுபடி எழுந்தது என்பது வெளியாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் 2024 மே 7 அன்று வந்தபோது உச்சவரம்பு இல்லை, பதிந்தவருக்கெல்லாம் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு வந்தது. நிரலெழுதுகிறவருக்கு இந்த இரண்டும் வேறு வேறு கணக்குகள். வரம்பில்லாதபோது ஒரு விண்ணப்பத்துக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பில்லை. வரம்பு வந்துவிட்டால், கடைசி இடத்துக்கு ஒரே நொடியில் இருவர் கேட்கும்போது ஒருவருக்கு மட்டுமே போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கியூவில் போட்டு ஒரே சர்வீஸ் வரிசையாக எடுத்தால் அந்தப் போட்டியே எழாது. கூட்டம் முட்டினால் கியூ நீளும், சர்வர் விழாது. (இந்தக் கணக்கை மட்டும் பார்க்க ஒழுங்கான டேட்டாபேஸே போதும் என்பதுதான் என் கட்சி. குறுஞ்செய்தி அனுப்புதல், ஆவணச் சரிபார்ப்பு என்று பின்வேலைகள் சேரும்போதுதான் கியூவுக்கு மதிப்பு.)

கோளாறு கேட்வே எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் செய்வது இதுதான்: விண்ணப்பத்துக்கு ஓர் அடையாள எண் கொடுத்து கியூவில் தள்ளுவார்கள், அதே எண்ணோடு பதில் திரும்பும் வரை இணைப்பைப் பிடித்து வைத்திருப்பார்கள். நிதானமாக நடக்க வேண்டிய வேலைக்கு அவசரக்காரர் வேடம். கேட்வேக்கு முன்னால் நிற்கும் இஞ்ஜின்எக்ஸ் சர்வர் இயல்பாக 60 நொடி பதிலின்றிப் போனால் 504 என்று கைவிரிக்கும். காத்திருந்தவர் மறுபடி பொத்தானை அழுத்துவார். அவருடைய முதல் செய்தியோ கியூவிலேயே கிடக்கிறது. இப்போது ஒரே வண்டிக்கு இரண்டு வேலை. கூட்டம் கூடினால் கியூ நீளும். நீண்டால் 504 பெருகும். பெருகினால் இன்னும் பலர் அழுத்துவார்கள். நெரிசலைத் தாங்க வைத்த அமைப்பே நெரிசலை வளர்க்கிறது. இடையில் கேட்வே ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனால், திரும்பி வரும் பதிலை வாங்க ஆளிருக்காது. கேட்வேயின் பதிவேட்டில் தோல்வி, சர்வீஸின் பதிவேட்டில் வெற்றி. இரண்டும் உண்மை என்பதுதான் கொடுமை.

மருந்துகள் உண்டு. ஒரே விண்ணப்பம் இருமுறை வந்தால் கண்டுபிடிக்கும் சாவி, கேட்வே காத்திருக்கும் நேரத்துக்குள் காலாவதியாகும் செய்தி, கியூ ஓர் அளவைத் தாண்டினால் வாசலிலேயே 'இப்போது முடியாது' என்னும் 503. மூன்றும் தேவை. ஆனால் மூன்றும் ஒட்டுப்போடுவதுதான்.

எச்டிடிபியிலேயே இதற்கு 202 இருக்கிறது: வாங்கிக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை. டோக்கன் எண்ணைக் கொடுத்து இணைப்பை விட்டுவிடலாம். முடிவை இன்னொரு முகவரியில் கேட்கட்டும், அல்லது குறுஞ்செய்தியாகப் போகட்டும். யுபிஐயின் உள்வேலை இப்படித்தான்: ஒப்புகை உடனே வரும், முடிவு தனியாகப் பின்னால் வரும். மலைப்பாதை வளைவில் சிக்னல் போனால் பிடித்து வைத்த இணைப்பு அறுந்துவிடும். டோக்கனுக்கு ஒன்றும் ஆகாது. இதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு டோக்கனின் நிலையையும் எங்கோ சேமிக்க வேண்டும், செயலியில் 'நிலுவை' என்றொரு திரை வேண்டும். அந்தச் செலவைச் செய்யலாம். அடுத்து, இன்று எத்தனை இடம் மீதி என்பது போன்ற கேள்வியைக் கியூ பக்கமே விடக்கூடாது. கேஷிலிருந்து நேராகச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அதையும் கியூவில் தள்ளுவது வெறும் பிடிவாதம்.

கேட்வே எழுத உட்காருகிறவர்கள் ராபிட்எம்கியூவா காஃப்காவா என்ற சண்டையை ஒத்திவைத்துவிட்டு, எந்த அழைப்புக்கு உடனே முடிவு சொல்லும் 200, எதற்கு 202 என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.